வீட்டுக்காரர் டிரான்ஸ்லேட் பண்ணா போதாதா? யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியில தமிழ்ல பேசுறது பத்தி ஒரு தங்கச்சியோட கேள்வி

கேள்வி (பேரை எடுத்துட்டேன், கொஞ்சம் சுருக்கியும் இருக்கேன்):

அக்கா வணக்கம். எனக்கு திண்டுக்கல் பக்கம். எம்.காம் முடிச்சிருக்கேன், எல்லாம் தமிழ் மீடியம், பேப்பர்ல இருந்தா மெதுவா படிச்சுப் புரிஞ்சுக்குவேன், ஆனா இங்க அவங்க பேசுற ஸ்பீடுக்கு ஒண்ணும் புடிபட மாட்டேங்குது. வீட்டுக்காரர் அமெரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டியில போஸ்ட்டாக் (பி.ஹெச்.டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை), நான் அவர் விசாவை ஒட்டி மனைவிக்குத் தர்ற ஜே-2 விசாவுல வந்து எட்டு மாசம் ஆகுது. இப்ப மாசமா இருக்கேன், 23 வாரம். செக்கப் எல்லாம் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியிலதான். மொத தடவை போனப்ப ரிசப்ஷன்ல என்ன மொழின்னு கேட்டாங்க, அவரே "இங்கிலீஷ் ஓகே"ன்னு சொல்லிட்டார். போன மாசம் நர்ஸ் என் முகத்தைப் பார்த்து ஏதோ ரொம்ப நேரம் கேட்டாங்க, அவர் "நோ நோ, ஷி இஸ் ஃபைன்"னு முடிச்சிட்டார். வெளிய வந்து கேட்டா "சும்மா ரொட்டீன் கேள்வி"ங்கிறார். அவர் நல்லவர்தான் அக்கா, ஒரு வார்த்தை திட்டுனதில்ல. ஆனா ரெண்டு மாசமா ராத்திரி தூக்கம் இல்ல, காரணமே இல்லாம அழுகை வருது, அம்மாகிட்ட சொன்னா பயந்துருவாங்க. இதைப் போய் அவர் வாயால டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லச் சொல்றது? இன்டர்ப்ரட்டர் கேட்கலாம்னு பக்கத்து அப்பார்ட்மெண்ட்ல ஒருத்தங்க சொன்னாங்க. கேட்டா எவ்வளவு காசு, விசாவுல ஏதும் வருமா, டிரம்ப் இதெல்லாம் நிறுத்திட்டார்னு வேற சொல்றாங்களே? இன்னொண்ணு, எங்களுக்கு வீடு கொடுத்திருக்குற யுனிவர்சிட்டி ஹவுசிங் ஆஃபீஸ்ல இருந்து ஒரு ஆள் வந்து ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டுப் போனார், அது என்னன்னே தெரியல.

பதில்:

தங்கச்சி, நீங்க கடைசில மெதுவா சொன்னதைத்தான் நான் மொத எடுத்துக்கப் போறேன். ரெண்டு மாசமா தூக்கம் இல்ல, அழுகை வருதுங்கிறீங்க. நான் டாக்டர் இல்ல, ஆஸ்பத்திரியில டாக்டர் சொல்றதை நோயாளிக்கும் நோயாளி சொல்றதை டாக்டருக்கும் மொழி மாத்திச் சொல்ற இன்டர்ப்ரட்டர், அதனால இது என்னன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா மாசமா இருக்கறப்ப இப்படி ஆகுறது நீங்க நினைக்கிற மாதிரி அபூர்வமும் இல்ல, உங்க மனசு சரியில்லாததோ நன்றி கெட்டதனமோ இல்ல, அதுக்குன்னு வைத்தியம் இருக்கு, டாக்டருக்குத் தெரிஞ்சா போதும். அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. 1-833-852-6262ன்னு ஒரு நம்பர், கர்ப்பிணிங்களுக்கும் குழந்தை பெத்தவங்களுக்கும்னு அமெரிக்க அரசாங்கம் 2022ல இருந்து நடத்துற லைன், ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, காசு இல்ல, 60 மொழிக்கு இன்டர்ப்ரட்டர் வச்சிருக்காங்க. எடுத்ததும் "தமிழ் இன்டர்ப்ரட்டர்"னு மட்டும் சொல்லிட்டு லைன்ல இருங்க. தன்னையே ஏதாவது பண்ணிக்கலாம்ங்கிற மாதிரி நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அப்ப இதெல்லாம் பார்க்காதீங்க, நேரா 911, அவசர உதவி நம்பர், அங்கயும் "தமிழ்"னு சொன்னா போதும், அவங்களும் இன்டர்ப்ரட்டரை லைன்ல சேர்க்குறவங்கதான்.

இப்ப அந்த நர்ஸ் கேட்ட கேள்விக்கு வரேன். நான் அந்த ரூம்ல இல்ல, ஆனா இந்த வேலையில 14 வருஷம் இருந்தவ, உங்க மூஞ்சியைப் பார்த்து நிறுத்தி நிதானமா கேட்டாங்கன்னா அது ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும்னு எனக்குத் தோணுது. ஒண்ணு, மனசு எப்படி இருக்குன்னு பார்க்குற கேள்வி, எடின்பரோன்னு ஒரு பத்து கேள்வி இருக்கு, கடந்த ஏழு நாள்ல சிரிச்சீங்களா, தூக்கம் வந்துச்சா, காரணம் இல்லாம பயந்தீங்களான்னு போகும். அதுக்குத் தமிழ் வடிவமே இருக்கு தெரியுமா, நீங்களே படிச்சு நீங்களே டிக் பண்ணலாம், ஒருத்தரும் நடுவுல வேண்டாம். இன்னொண்ணு, "வீட்ல உங்களுக்குப் பாதுகாப்பா இருக்கா, யாராவது அடிக்கிறாங்களா மிரட்டுறாங்களா"ன்னு கர்ப்பிணிங்க எல்லார்கிட்டயும் கேட்குறது. இந்தக் கேள்வியைப் புருஷன்கிட்ட கொடுத்து பொண்டாட்டிகிட்ட கேட்கச் சொல்றதைவிட ஒரு கூத்து உண்டா சொல்லுங்க! உங்க வீட்டுக்காரர் தங்கமானவரா இருக்கலாம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அவர் தங்கமா தகரமான்னு நர்ஸுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கத்தானே கேட்குறாங்க.

அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. வீட்டு ஆளுங்க டிரான்ஸ்லேட் பண்ணா இப்படித்தான் ஆகும், பாசத்துல ஆகும். ஒரு பெரியவருக்கு டாக்டர் மூணு நிமிஷம் நின்னு விளக்குறார், இதயத்துல எந்தக் குழாய், எத்தனை அடைப்பு, ஆபரேஷன் பண்ணா என்ன, பண்ணாட்டி என்னன்னு. பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "ஒண்ணுமில்லப்பா, மாத்திரை தராராம்"னார். நான் வேற வேலையா அந்த ரூமுக்குள்ள போனவ, எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. பையன் பொய் சொல்லணும்னு சொல்லல, அப்பா பயந்துருவாரேன்னு சொன்னான். ஆனா கையெழுத்து போட வேண்டியது அப்பா, உடம்பு அப்பாவோடது. அதே மாதிரி இங்க வயிறு உங்களோடது.

சட்டம் இந்த விஷயத்துல உங்க பக்கம் ரொம்பத் தெளிவா இருக்கு. ஒபாமாகேர்னு சொல்றோமே, 2010ல வந்த அந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துல 1557ன்னு ஒரு பிரிவு, அரசாங்கப் பணம் வாங்குற எந்த ஆஸ்பத்திரியும் இங்கிலீஷ் சரியா வராதவங்களுக்குத் தகுதியான இன்டர்ப்ரட்டரை இலவசமா தரணும்ங்குது. இலவசம்னா இலவசம், உங்க பில்லுல ஒரு டாலர் ஏறாது. "நீங்களே ஆளைக் கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லக் கூடாது. சின்னப் பிள்ளைங்களை வச்சுப் பேச வைக்கக் கூடாது, உயிர் போற அவசரமா இருந்து இன்டர்ப்ரட்டர் உடனே கிடைக்காத நேரத்தைத் தவிர. 2024ல வந்த விதில இன்னொரு நுணுக்கம் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான்: கூட வந்த பெரியவங்கதான் எனக்காகப் பேசணும்னு நோயாளி விரும்புனாக்கூட, அதை அந்த ஆள் ரூம்ல இல்லாதப்ப, தகுதியான இன்டர்ப்ரட்டரை வச்சு, தனியா கேட்டுத் தெரிஞ்சுகிட்டு, எழுதியும் வைக்கணும். அதாவது ரிசப்ஷன்ல உங்களுக்கு முன்னாடியே அவர் "இங்கிலீஷ் ஓகே"ன்னு சொன்னதை ஆஸ்பத்திரி உங்க பதிலா எடுத்திருக்கவே கூடாது. தப்பு அவரோடது பாதின்னா அந்த கவுன்ட்டரோடது பாதி.

டிரம்ப் நிறுத்திட்டாரான்னு கேட்டீங்க. பாதி உண்மை. 2000ம் வருஷம் ஆகஸ்ட் மாசம் கிளின்டன் ஒரு உத்தரவு போட்டார், 13166ம் நம்பர், அரசாங்க ஆஃபீஸுங்களும் அரசாங்கப் பணம் வாங்குற இடங்களும் இங்கிலீஷ் தெரியாதவங்களுக்கு வழி பண்ணணும்னு. அதை 2025 மார்ச் 1ம் தேதி டிரம்ப் ரத்து பண்ணி, இங்கிலீஷ்தான் நாட்டோட ஆட்சி மொழின்னு புது உத்தரவு போட்டார். ரத்தானது அந்த உத்தரவு. 1557 அப்படி இல்ல, நம்ம பார்லிமெண்ட் மாதிரி அவங்களுக்கு இருக்குற காங்கிரஸ் சபை போட்ட சட்டம், ஜனாதிபதி கையெழுத்துல அது போகாது. அதே மாதிரி 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்துல ஆறாவது தலைப்புன்னு ஒண்ணு இருக்கு, எந்த நாட்டுல இருந்து வந்தவங்கன்னு பார்த்து ஒருத்தரை ஒதுக்கக் கூடாதுன்னு. சான்ஃபிரான்சிஸ்கோவுல சீனப் பிள்ளைங்க கிளாஸ்ல இங்கிலீஷ் புரியாம உட்கார்ந்திருந்தாங்க, ஸ்கூல் கண்டுக்கல, அந்த லாவ் கேஸ்ல 1974ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, எல்லாருக்கும் ஒரே புக்கு ஒரே டீச்சர் கொடுத்துட்டா சமமா நடத்துனதா ஆகிடாது, மொழி புரியாத பிள்ளைக்கு அதனால என்ன பிரயோஜனம்னு. அந்தச் சட்டமும் அப்படியேதான் இருக்கு. ஆனா நிஜத்தையும் சொல்லணும், 2025க்கு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வெளிய, மத்த ஆஃபீஸுங்கள்ல இந்த விஷயத்துல கொஞ்சம் சுணக்கம் தெரியுது. ஆஸ்பத்திரிக்குள்ள அப்படி விட முடியாது.

விசாவுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. இன்டர்ப்ரட்டர் கேட்குறது அரசாங்க உதவித்தொகை வாங்குறது இல்ல, கண்ணாடி போட்டவங்க பெரிய எழுத்துல பேப்பர் கேட்குற மாதிரி.

அப்புறம் "எம்.காம் படிச்சிட்டு எப்படி"ங்கிற வெக்கம் உங்க கடிதம் முழுக்க ஓடுது, நீங்க எழுதல, எனக்குத் தெரியுது. காய்கறி கடையில சமாளிக்கிற இங்கிலீஷும், எபிடூரல், அதாவது பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல போடுற ஊசி, அதைப் போடுறதுக்கு முன்னாடி அனஸ்தீசியா டாக்டர் கடகடன்னு சொல்ற இங்கிலீஷும் ஒண்ணா? சட்டத்துல சொல்ற குறைஞ்ச இங்கிலீஷ்ங்கிறதும் ஒண்ணுமே தெரியாதவங்களை மட்டும் இல்ல, படிக்க வரும் பேச வராது, பேச வரும் டாக்டர் பாஷை புரியாது, எல்லாரும் அதுக்குள்ளதான். பி.ஹெச்.டி முடிச்சவங்களுக்கு நான் இன்டர்ப்ரட் பண்ணியிருக்கேன்.

சரி, எப்படிக் கேட்குறது. மொத வேலை உங்க ரெக்கார்டை மாத்துறது. உங்க ஆஸ்பத்திரி, நம்ம ரெக்கார்டை நாமளே பார்க்குற மைசார்ட் மாதிரி ஆப் கொடுத்திருந்தா, பர்சனல் இன்ஃபர்மேஷன்ங்கிற இடத்துல மொழி இருக்கும், அதுல இங்கிலீஷ்னு இருக்கும், தமிழ்னு மாத்துங்க, இன்டர்ப்ரட்டர் வேணுமான்னு தனியா கேட்டிருந்தா எஸ் கொடுங்க. ரெண்டும் வேற வேற, மொழியை மட்டும் மாத்திட்டு இதை விட்டுட்டா இன்டர்ப்ரட்டருக்கு ஒருத்தரும் ஃபோன் போட மாட்டாங்க. ஆப்ல மாத்த விடலைன்னா கிளினிக்குக்கு ஃபோன் பண்ணி "ஐ நீட் எ தமிழ் இன்டர்ப்ரட்டர் ஃபார் மை அப்பாயின்ட்மென்ட்", இவ்வளவுதான், வேற எதுவும் சொல்ல வேண்டாம், அவங்களே லைன்ல ஆளைச் சேர்த்துட்டு உங்ககிட்ட பேசுவாங்க. ஹிந்தியான்னு கேட்பாங்க, கண்டிப்பா கேட்பாங்க, இந்தியான்னா ஹிந்தின்னு ஒரு நினைப்பு. "நோ ஹிந்தி, தமிழ், டி ஏ எம் ஐ எல்"னு எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சு தமிழ் கேட்டவங்களுக்குத் தெலுங்கு ஆளை மாட்டி விட்டு, அவங்க ரெண்டு பேரும் "மீரு", "நீங்க"ன்னு அஞ்சு நிமிஷம் தடுமாறுன கதையெல்லாம் உண்டு. சுவத்துல இன்டர்ப்ரட்டர் இலவசம்னு பல மொழியில ஒரு நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்க, அந்த மாநிலத்துல அதிகம் பேசுற 15 மொழி அதுல இருக்கும், தமிழ் அதுல இல்லாம போகலாம், அதைப் பார்த்து நமக்கு இல்லைன்னு திரும்பிடாதீங்க, அது நோட்டீஸுக்கான கணக்குதான், உரிமை எல்லா மொழிக்கும் உண்டு.

ரூம்ல என்ன நடக்கும்னா, சக்கரம் வச்ச ஸ்டாண்டுல ஒரு ஐபேட் தள்ளிட்டு வருவாங்க, இல்ல ஸ்பீக்கர் ஃபோன். இன்டர்ப்ரட்டர் பேரைவிட நம்பரைத்தான் மொத சொல்வாங்க, அந்த நம்பரை நர்ஸ் குறிச்சுக்குவாங்க. அப்புறம் நீங்க "எனக்குத் தூக்கம் வரல"ன்னா அவங்க "அவங்களுக்குத் தூக்கம் வரலையாம்"னு சொல்ல மாட்டாங்க, உங்க குரலா "எனக்குத் தூக்கம் வரல"ன்னே இங்கிலீஷ்ல சொல்வாங்க. அதனால ஐபேடைப் பார்க்காம டாக்டரைப் பார்த்துப் பேசுங்க, ரெண்டு வாக்கியம் சொல்லி நிறுத்துங்க. நீங்க ரூம்ல சொல்றது எல்லாத்தையும் அவங்க சொல்லியாகணும், "இந்த டாக்டர் ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்குறாங்க"ன்னு நீங்க முணுமுணுத்தா அதுவும் இங்கிலீஷ்ல போயிரும், பார்த்துக்கோங்க. பரிசோதனை பண்றப்ப கேமராவைச் சுவத்துப் பக்கம் திருப்பச் சொல்லலாம். லேடி இன்டர்ப்ரட்டர் வேணும்னு கேட்கலாம், எப்பவும் கிடைக்கும்னு சொல்ல முடியாது, கேட்குறதுல தப்பில்ல.

உங்க மனசுல இன்னொரு பயம் இருக்கும், வர்ற ஆள் நம்ம தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுல பார்க்குறவங்களா இருந்தா? சின்ன ஊர்ல இது நிஜமான பயம். நேர்ல ஆள் வேண்டாம், ஃபோன்ல வேணும்னு சொல்லுங்க, அந்த ஆள் அனேகமா வேற ஏதோ மாநிலத்துல உட்கார்ந்திருப்பாங்க. தெரிஞ்ச குரலா இருந்தா காரணம் சொல்லாமலே வேற ஆள் கேட்கலாம். கேட்டதை வெளிய சொல்லக் கூடாதுங்கிறது எங்க தொழில்ல மொத விதி.

தமிழும் ஒரே தமிழ் இல்லையே. நான் சேர்ந்த புதுசுல யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க ஃபோன்ல, "எனக்கு மூண்டு நாளா வருத்தம், ஏலாமக் கிடக்கு"ன்னாங்க. வருத்தம்னா நமக்கு மனக்கஷ்டம், அவங்களுக்கு உடம்பு சுகமில்ல. நான் சோகமா இருக்காங்கன்னு சொல்லிட்டேன், டாக்டர் "ஏன் சோகம், வீட்ல ஏதாவது நடந்துச்சா"ன்னு ஆரம்பிச்சிட்டார், அந்த அம்மா காய்ச்சலோட "எனக்கென்ன சோகம், எனக்கு வருத்தம்"னு கத்துறாங்க. அன்னிக்கு நான் பட்ட வெக்கம் இருக்கே. நம்ம பக்கத்து வார்த்தையிலயும் குழி உண்டு. "மயக்கமா வருது"ன்னா தலை சுத்துறதும் அதுதான், நினைவு தப்பி விழுறதும் அதுதான், இங்கிலீஷ்ல ரெண்டும் வேற வேற வார்த்தை, வைத்தியமும் வேற வேற. அதனால "தலை கிறுகிறுன்னு சுத்துது, விழல"ன்னோ "நினைவு இல்லாம விழுந்துட்டேன்"னோ உடைச்சுச் சொல்லுங்க. "சூடு புடிச்சிருக்கு"ன்னா காய்ச்சல்னு ஆகிடும், ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னா அதையே அப்படியே சொல்லுங்க, மாசமா இருக்கறப்ப அது முக்கியமான விஷயம். உங்க மனசு விஷயத்துக்கும் "ஒரு மாதிரியா இருக்கு"ன்னு நிறுத்தாதீங்க, எத்தனை மணிக்குப் படுக்குறீங்க, எத்தனை மணிக்கு முழிப்பு வருது, வாரத்துல எத்தனை நாள் அழுகை, சாப்பாடு இறங்குதா, இதைச் சொன்னா டாக்டர் புடிச்சுக்குவாங்க. தமிழுக்குன்னு இந்த நாட்டுல மெடிக்கல் இன்டர்ப்ரட்டர் வாய்மொழிப் பரீட்சை இல்ல, ஸ்பானிஷ் சீனம் மாதிரி சில மொழிக்குத்தான் இருக்கு, அதனால எங்க ஆளுங்கள்லயும் நல்லா பண்றவங்க, சுமாரா பண்றவங்க ரெண்டும் உண்டு. நர்ஸ் நீளமா பேசி, இன்டர்ப்ரட்டர் ரெண்டே வார்த்தையில முடிச்சா, "அவங்க சொன்னது முழுசா சொல்லுங்க"ன்னு கேளுங்க, சரிப்படலைன்னா ஆளை மாத்தச் சொல்லுங்க. புரியாம தலையாட்டாதீங்க, நம்ம தலையாட்டல் எஸ்ஸா நோவான்னு அவங்களுக்குத் தெரியாது, எஸ்னு எடுத்துக்கிட்டு ஃபாரத்தை நீட்டிடுவாங்க.

வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது. சட்டப் பிரிவெல்லாம் சொல்லி ஆரம்பிச்சீங்கன்னா அவருக்கு அது தன்னை நம்பலைன்னு படும். "பிரசவ ரூம்ல நீங்க என் கையைப் புடிச்சுக்கணும், டாக்டர் சொல்றதை எனக்குச் சொல்லிட்டு இருந்தா எப்படிப் புடிப்பீங்க, அதுக்கு இப்பவே பழகிக்குவோம்"னு சொல்லிப் பாருங்க. இதுல பொய் எதுவும் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுக்குறப்ப அந்த மனுஷனுக்குத் தமிழே வராது, இங்கிலீஷுக்கு எங்க போறது. அப்பவும் ஒத்து வரலைன்னா, நர்ஸ் எடை பார்க்கக் கூப்பிடுறப்பவோ யூரின் டெஸ்டுக்கு உள்ள போறப்பவோ தனியாத்தான் போவீங்க, அங்க "அலோன், தமிழ் இன்டர்ப்ரட்டர்"னு சொல்லுங்க. கர்ப்பிணி இப்படிக் கேட்டா என்ன பண்ணணும்னு அவங்களுக்குத் தெரியும், அவரைக் கொஞ்ச நேரம் வெளிய உட்கார வைக்க அவங்களே ஒரு சாக்கு கண்டுபுடிப்பாங்க.

கேட்டும் தரலைன்னா ஆஸ்பத்திரியில பேஷண்ட் ரிலேஷன்ஸ்னு ஒரு ஆஃபீஸ் இருக்கும், அங்க சொல்லுங்க, அதுவும் தமிழ்லயே சொல்லலாம். அதுலயும் நடக்கலைன்னா அமெரிக்க சுகாதாரத் துறையோட சிவில் ரைட்ஸ் ஆஃபீஸ், நடந்த நாள்ல இருந்து 180 நாளைக்குள்ள புகார் கொடுக்கணும். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது.

ஹவுசிங் பேப்பர் விஷயம் சின்னது. அடுப்பு, ஏசி பார்க்க உள்ள வர்றதுக்கான அனுமதியாவும் இருக்கலாம், ஏதோ உடைஞ்சதுக்குக் காசு பிடிக்கிறதாவும் இருக்கலாம், நாளைக்கே அந்த ஆஃபீஸுக்குப் போய் "காப்பி ப்ளீஸ்"னு ஒரு காப்பி வாங்கிட்டு வந்து நிதானமா படிங்க, உங்களுக்குத்தான் படிக்க வருமே. யுனிவர்சிட்டியில ஏதோ ஒரு மூலைக்கு அரசாங்கப் பணம் வந்தாலும் 1964 சட்டம் மொத்த யுனிவர்சிட்டிக்கும் பொருந்தும்னு 1988லயே தனியா சட்டம் போட்டு உறுதி பண்ணிட்டாங்க, அதனால அங்கயும் இன்டர்ப்ரட்டர் கேட்கலாம், ஆஸ்பத்திரி அளவுக்கு உடனே ஓடி வர மாட்டாங்க, அவ்வளவுதான். இனிமே யார் வந்து பேப்பரை நீட்டினாலும் "லேட்டர், ஐ ரீட்"னு வாங்கி வச்சுக்கோங்க, கதவு வாசல்ல நின்னு கையெழுத்து போடாதீங்க.

இங்கிலீஷ் கத்துக்கிறதுக்கு யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல கேளுங்க, வீட்டுக்காரர் வழியா வந்த மனைவிமாருக்குன்னு வாராவாரம் பேச்சு வகுப்பு பல இடத்துல உண்டு, ஊர் லைப்ரரியிலயும் இருக்கும், ஜே-2ல படிக்கத் தடை இல்ல. அங்க போனா இங்கிலீஷ் வருதோ இல்லையோ, நாலு சுவத்தை விட்டு வெளிய வந்து நாலு பேர் முகம் பார்ப்பீங்க, அதுவே உங்களுக்கு இப்ப வேணும்னு எனக்குப் படுது.

உங்களுக்கு 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள சுகர் டெஸ்ட் வச்சிருப்பாங்க, ஆரஞ்சு ஜூஸ் மாதிரி பாகா ஒரு தண்ணி கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வச்சு ரத்தம் எடுப்பாங்க. அந்த அப்பாயின்ட்மென்ட்டைத்தான் குறி வைங்க, ஒரு மணி நேரம் சும்மா உட்காருற நாள், டாக்டர்கிட்ட பேச நேரம் கிடைக்கும். இன்னிக்கே ஆப்ல மொழியை மாத்துங்க, ரெண்டு நாள் முன்னாடி ஃபோன் பண்ணி தமிழ் இன்டர்ப்ரட்டர் போட்டாச்சான்னு ஒரு தடவை கேட்டுக்கோங்க. சுகர் கொஞ்சம் கூடுதல்னு வந்தா டயட்டீஷியன்கிட்ட அனுப்புவாங்க, அவங்க கையில இருக்குற படத்துல பிரெட்டும் பாஸ்தாவும்தான் இருக்கும், நீங்க இட்லி எத்தனை, சோறு எத்தனை கரண்டி, ராத்திரி என்னன்னு தமிழ்லயே விலாவாரியா சொல்லுங்க. போயிட்டு வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்க தங்கச்சி.